லாபம், ரெண்டு, மூணு

நிலநடுக்கம் வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபத்தைந்துக்கு என்று பதினோரு நாள் முன்பே அறிவித்துவிட்டார்கள். சென்னைவாசிகளுக்கு அதில் இரண்டே மனக்குறைகள். வெள்ளிக்கு மட்டும் விடுமுறை விட்ட கலெக்டர், வியாழனையும் சேர்த்து விட்டிருந்தால் ஊருக்குப் போய் வந்திருக்கலாம் என்பது முதலாவது. வருவதுதான் வருகிறது, ராகு காலத்திலா வர வேண்டும் என்பது இரண்டாவது.

‘முன்னறி’ என்ற கருவி வந்த பிறகு நிலநடுக்கமும் மழை மாதிரி ஆகிவிட்டது. எந்த நாள், எந்த மணி, கடலுக்கடியில் எந்த இடம், எவ்வளவு வலு என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். உங்கள் வீட்டு மண் அதைத் தாங்குமா என்பதை மட்டும் சொல்லாது. அந்த மிச்சத்தைச் சொல்லத்தான் அரசு மண் உறுதித் துறை என்று ஒன்றை ஏற்படுத்தி, அதில் பூங்கோதையைப் பொறியாளராக உட்கார்த்தி வைத்திருந்தது.

பூங்கோதைக்கு நாற்பத்தேழு வயது. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் வகுத்தல் கணக்கு என்பாள். வரப்போகும் நடுக்கம் ஒரு மனையை எவ்வளவு குலுக்கும் என்று முதலில் கணக்கிட வேண்டும். நடுக்கம் ஒன்றே ஆனாலும் குலுக்கல் தெருவுக்குத் தெரு மாறும். பிறகு துளை போட்டு, அந்த மண் எவ்வளவு குலுக்கலைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும். தாங்கலைக் குலுக்கலால் வகுத்தால் ஓர் எண் வரும். அது ஒன்றுக்கு மேலே போனால் நிலம் நிற்கும். கீழே போனால் நீர் கோத்த மணல் கஞ்சியாகி, மேலே இருப்பது உள்ளே போய்விடும். அரசாணையில் அதற்குத் ‘தரைத் தாங்கு விகிதம்’ என்று பெயர். ஜனங்கள் கஞ்சி நம்பர் என்றார்கள்.

கஞ்சி நம்பர் வந்த இரண்டு வருடத்தில் ஊரே அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. கல்யாண விளம்பரங்களில் நட்சத்திரத்துக்கு அடுத்தபடியாக அது இடம்பிடித்தது. ‘1.3க்குக் குறைந்தவர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்’ என்று கூசாமல் போட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சண்டை வந்தால் “போடா, பாயிண்ட் எயிட்டு” என்று திட்டிக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் துளைக் கணக்கைப் பொறியாளர்கள் கையால் எழுதினார்கள். கட்டட முதலாளிகள் அவர்களைக் கவனித்த கவனிப்பில் ஏழெல்லாம் பதினேழாகியது. ஆகவே மனிதன் எழுதினால் பொய்தான் எழுதுவான் என்று முடிவு கட்டி, ‘செவி’ என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். துளை போடுகிறவர் சம்மட்டி அடிகளை வாய்விட்டு எண்ணுவார்; செவி கேட்டு எழுதிக்கொள்ளும். தமிழ் எண்களை எல்லா மாவட்டத்து உச்சரிப்பிலும் அது கற்றிருந்தது. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் மக்கள்தொகைக் கணக்கிலும்கூட இதே செவிதான்.

பூங்கோதைக்குச் செவியைப் பிடிக்காது. நடுக்கத்துக்கு முந்தின நாள் வீட்டு ஆட்களை எண்ணிக்கொள்ளும் பதிவுக்காக வியாழக்கிழமை மாலை அது அவளைப் போனில் கூப்பிட்டிருந்தது.

“வீட்டில் எத்தனை பேர்?”

“ஒண்ணு.”

“ஒருவர் மட்டும்தானா? உறுதி செய்யவும்.”

“ஆமா, ஒண்ணுதான்.”

“பதிவு செய்யப்பட்டது. வேறு யாராவது வந்து சேர்ந்தால் தெரிவிக்கவும்.”

விவாகரத்தாகி ஒன்பது வருடம். செவி வந்த நாளிலிருந்து இதே உரையாடல்தான். சொந்தக்காரர்கள்கூடக் கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டார்கள். செவி மட்டும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அழுகை வருவதுபோல் இருக்கும். ஒரு பெட்டியிடம் அழுவதாவது என்று அடக்கிக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை காலையிலும் அவளுக்கு வேலை இருந்தது. ஒரு கல்யாண மண்டபக்காரர் கடைசி நேரத்தில் சான்றிதழ் கேட்டு ஒற்றைக்காலில் நின்றார். ஜீப் டிரைவர் விடுமுறை எடுத்துக்கொண்டதால் பூங்கோதை ஆட்டோவில் வந்து இறங்கினாள். வழக்கமாக ஜீப்பில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள், அன்று வேறு வழியில்லாமல் குடையைப் பிடித்துக்கொண்டு துளைக் கருவியின் பக்கத்திலேயே நின்றாள்.

துளைக்குழுவின் மேஸ்திரி காத்தவராயன். மன்னார்குடிப் பக்கம். முன்பு நெல் கொள்முதல் களத்தில் அளவைக்காரராக இருந்தவர். பூங்கோதையோடு மூன்று வருடமாக வேலை செய்கிறார். குழாயின் தலையில் சம்மட்டியைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். குழாய் ஓர் அடி இறங்க எத்தனை அடி விழுந்தது என்பதுதான் கணக்கு. ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் புதிதாக எண்ண வேண்டும்.

சம்மட்டி விழுந்தது. “லாபம்” என்றார் காத்தவராயன். “ரெண்டு. மூணு. நாலு...” பதினொன்றில் குழாய் ஓர் அடி இறங்கியது. மறுபடியும் “லாபம். ரெண்டு. மூணு...”

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. “அண்ணே, அது என்ன லாபம்?”

“ஒண்ணுதாம்மா. நெல்லு அளக்கறப்ப மொத மரக்காலுக்கு லாபம்னுதான் சொல்லுவோம். ஒண்ணுன்னு வாயில வரக்கூடாது.”

“ஏனாம்?”

“ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்ணோடயே நின்னுடும்பாங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் அவளை நினைத்துச் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. “இது நெல்லு இல்லையே, மண்ணுதானே” என்றாள்.

“மண்ணுன்னா மட்டும் ஒண்ணோட நின்னுடலாமா?”

பன்னிரண்டாம் அடி வரை இப்படியே போனது. பதின்மூன்றாம் அடியில் சம்மட்டி விழுந்தது. “லாபம்” என்றார். அந்த ஒரே அடியில் குழாய் ஓர் அடி முழுசாக இறங்கிவிட்டது. அடுத்த அடி பன்னிரண்டு எண்ணிக்கையில் முடிந்தது.

பூங்கோதை தற்செயலாகச் செவியின் திரையைப் பார்த்தாள். பதின்மூன்றாம் அடிக்கு நேரே வெறும் இடம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ‘11’ என்று ஓர் எண் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் கடுகளவு நட்சத்திரம்.

அந்த நட்சத்திரத்துக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். காதில் விழாத இடத்தைச் செவி மேலும் கீழும் பார்த்துத் தானே நிரப்பிக்கொண்டது என்று பொருள். லாபத்துக்குப் பிறகு ரெண்டோ பத்தோ வந்தால் கவலையில்லை. கடைசியாகக் கேட்ட எண்ணை அது எழுதிக்கொள்ளும். லாபத்தோடு நின்றுவிட்டால் அது எந்த எண்ணையும் கேட்கவே இல்லை. ஒரே அடியில் இறங்குகிற மண்தான் எல்லா மண்ணிலும் மோசமான மண். அதை மட்டும் குறிபார்த்துச் செவி இறுகிய மண்ணாக எழுதியிருக்கிறது.

“அண்ணே, இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் ஒரே அடியில எறங்கியிருக்கா?”

“அது அபூர்வம்மா. நாலு மாசம் முன்ன, இதோ பின்னாடி தெருவுல, சாகரம் அடுக்ககத்துல எறங்குச்சு. பதினஞ்சாவது அடியிலேருந்து ஆறு தடவை. லாபம், லாபம், லாபம்னு சொல்லிச் சொல்லி எனக்கே கூச்சமாப் போச்சு. நீங்க ஜீப்புல போன் பேசிக்கிட்டிருந்தீங்க.”

திரைச்சீலை என்ன நிறம் எடுப்பது என்று அரைமணி நேரம் கடைக்காரனோடு பேசியது பூங்கோதைக்கு நினைவு வந்தது. சாகரத்தின் பதிவைத் திறந்தாள். வரிசையாக ஆறு நட்சத்திரங்கள். அவற்றை அன்றைக்கே பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு, பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று கையெழுத்தும் போட்டிருந்தாள். இப்போது ஆறு இடத்திலும் ஒன்று என்று போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். 1.38 என்றிருந்தது 0.64 ஆனது. மணி பத்து ஐந்து.

துறைக்குத் திருத்த மனு அனுப்பினாள். ஏழு வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும், இன்று வேலை நாள் இல்லை என்று பதில் வந்தது. இயக்குநரின் போன் விடுமுறை வாழ்த்துச் சொல்லிவிட்டு அணைந்தது. போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண் பொறுமையாகத்தான் பேசினாள். “ஒண்ணுக்குக் கீழ இருக்கற எடத்தைத்தான் நாங்க காலி பண்ண முடியும் மேடம். சாகரம் 1.38. பூங்கோதைன்னு ஒருத்தங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“நான்தான் அந்தப் பூங்கோதை.”

“அப்ப நீங்களே நேர்ல சொல்லிடுங்களேன்.”

மண்டபத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு அவள் ஓட ஆரம்பித்தாள். காத்தவராயன் செவியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். வழியெல்லாம் “நான் ஒண்ணுன்னு சொல்லியிருக்கணும்மா” என்று புலம்பினார். “நான் வந்து நின்னு கேட்டிருக்கணும்ணே” என்று அவளும் மூச்சிரைக்கப் பதில் சொன்னாள். சாகரத்தின் வாசலை எட்டியபோது மணி பத்து முப்பத்துநாலு.

சாகரத்துக்குப் பன்னிரண்டு மாடி, நாற்பத்தெட்டு வீடு. தரைத்தளத்தில் கார் நிறுத்தமும் சங்கக் கூடமும். அன்று கட்டடத்தில் சாதாரணமாக இருப்பதைப்போல் இரண்டு பங்கு ஜனம். கஞ்சி நம்பர் குறைந்த பேட்டைகளிலிருந்து அண்ணன், மச்சினி, ஒன்றுவிட்ட சித்தப்பா என்று எல்லாரும் பாதுகாப்பான இடம் தேடி இங்கே வந்திருந்தார்கள். வாசலில் ‘1.38: நடுங்காத நிலம், நடுங்காத உறவு’ என்று பேனர். கூடத்தில் போண்டா வெந்துகொண்டிருந்தது.

சங்கச் செயலாளர் ஞானசம்பந்தன் வரி வசூலில் இருந்து ஓய்வு பெற்றவர். பூங்கோதை சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு அவளைச் சுவர்ப்பக்கம் கூட்டிப்போய், சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்.

“இது யாரு கையெழுத்தும்மா?”

“என்னுதுதான் சார்.”

“அப்ப அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இன்னிக்குப் பொய் சொல்றீங்களா?”

“அன்னிக்குத் தெரியாமச் சொன்னேன். இன்னிக்குத் தெரிஞ்சு சொல்றேன்.” அவள் விடவில்லை. “அளக்கற படியில அரிசியக் கொட்டித் தட்டினா என்ன சார் ஆகும்?”

“படிஞ்சு எறங்கும்.”

“மணலும் அப்படித்தான். ஆனா அந்த இடைவெளியில எல்லாம் தண்ணி நிக்குது. குலுக்கினா மணல் படியப் பாக்கும், தண்ணிக்குப் போக எடம் இருக்காது. மணலையே தூக்கிடும். அந்த நேரம் உங்க பன்னெண்டு மாடியும் தண்ணி மேலதான் நிக்கும்.”

ஞானசம்பந்தன் முகம் வெளுத்தது. புரியாமல் இல்லை. அவர் அவளை இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“அதோ பட்டுப்புடவையில போண்டா சாப்புடுறாங்களே, விசாலாட்சியம்மா, அவங்கதான் எனக்குச் சம்பந்தியாகப் போறவங்க. 1.38ன்னு கேட்டுத்தான் என் பொண்ணையே பாக்க வந்தாங்க. நம்பரைச் சொல்லாம ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிடக் கூடாதா?”

“என்ன சாக்குச் சொன்னா எல்லாரும் வருவாங்க சார்?”

அவர் யோசித்தார். நாற்பத்தெட்டு வீட்டையும் ஒன்றாக அசைக்கிற சாக்கு எதுவும் அவருடைய பதினாறு வருட சங்க அனுபவத்தில் இல்லை. மேஜையிலிருந்த மைக்கை எடுத்து, ஒரு நிமிடம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, அவளிடம் நீட்டினார்.

பூங்கோதை மைக்கில் பேசிப் பழகியவள் இல்லை. “என் பேரு பூங்கோதை. இந்த நெலத்துக்கு நம்பர் குடுத்தது நான்தான். தப்பாக் குடுத்துட்டேன். சரியான நம்பர் 0.64. இன்னும் நாப்பது நிமிஷத்துல இது கஞ்சியாகிடும். தயவுசெஞ்சு எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்துடுங்க” என்றாள். சொல்லி முடித்ததும் வெட்கத்தில் அவளுக்கு முகமே எரிந்தது.

மாடிப்படிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. கூட்டத்திலிருந்து ஒரு நிதானமான குரல், “அதெல்லாம் சரிம்மா, இப்ப ராகு காலமாச்சே” என்றது. ஆமாம் ஆமாம் என்று நூறு தலைகள் ஆடின. “பன்னெண்டு மணிக்கு மேல கெளம்பிடுவோம்” என்று இன்னொருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். கஞ்சி நம்பர் குறைந்ததை நம்பியவர்கள்கூட ராகு காலத்தில் வாசற்படி தாண்டத் தயாராக இல்லை.

அவள் செய்வதறியாமல் காத்தவராயனைப் பார்த்தாள். அவர் வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி நின்றது. விருந்தாளிகள் வந்ததால் அன்று வண்டி நிறையத் துணி. அடுக்கடுக்காக மூட்டை, ஒவ்வொன்றிலும் வீட்டு எண் எழுதிய துண்டுச்சீட்டு.

காத்தவராயன் மைக்கை வாங்கிக்கொண்டார்.

“எல்லாரும் காலைல இஸ்திரிக்குத் துணி போட்டீங்களா?”

போட்டோம் என்றார்கள்.

“எத்தனை மணிக்கு?”

எட்டு, எட்டரை என்று பல குரல்கள் வந்தன.

“நல்ல நேரத்துல நம்ம துணிமணி வாசலைத் தாண்டிட்டா நாமளும் அப்பவே கெளம்பிட்டதாத்தானே கணக்கு? உங்க துணியெல்லாம் எட்டு மணிக்கே வெளிய போயாச்சு. நீங்க கெளம்பி ரெண்டரை மணி நேரம் ஆச்சு. இன்னும் உள்ள என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?”

விசாலாட்சியம்மாள் கையிலிருந்த போண்டாவைத் தட்டில் வைத்தாள். “பரஸ்தானம்” என்றாள். “எங்க வீட்டுல கல்யாணத்துக்குப் போறதுன்னாக்கூட அப்படித்தான் பை வைப்போம். என் நீலப் புடவை காலையிலயே போயிடுச்சு.” எழுந்து, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசற்படி தாண்டினாள். அவளுக்குப் பின்னால் கூடமே கிளம்பியது. இஸ்திரிக்குத் துணியே போடாத ஆறாவது மாடி வாலிபன் ஒருவன், பக்கத்து வீட்டு மூட்டையில் தன் கைக்குட்டையும் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

பதினொன்று பத்துக்குள் கட்டடம் காலியானது. வாசலில் நின்று காத்தவராயன் வீடு வீடாக எண்ணினார். கடைசியாக ஞானசம்பந்தன் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஏன் எடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

பதினொன்று இருபத்தைந்துக்கு நிலம் குலுங்கியது. மைதானம் ஊஞ்சல் மாதிரி ஆடி நின்றது. பெரிதாக ஒன்றுமில்லையே என்று யாரோ சொல்லும்போதே, தெருவுக்கு அப்பால் சாகரம் இறங்க ஆரம்பித்தது. சாயவில்லை, இடியவில்லை. பன்னிரண்டு மாடியும் நிமிர்ந்த நிலையிலேயே லிப்டில் போகிறவர்கள் மாதிரி மெதுவாகக் கீழே போனது. தரைத்தளம், அதிலிருந்த கார்கள், போண்டா எல்லாம் சாம்பல் நிறக் குழம்புக்குள் போயின. முதல் மாடி பால்கனி தரைக்கு வந்ததும் நின்றது. அந்தக் கூடத்தில் அரைமணி முன்பு முந்நூறு பேர் இருந்தார்கள். பூங்கோதை தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

விசாலாட்சியம்மாள் ஞானசம்பந்தனிடம் வந்தாள். “நம்பர் தெரிஞ்சுதானே மைக்கைக் குடுத்தீங்க?”

“ஆமாங்க.”

“பொண்ணு பேரு யாழினிதானே? வர்ற தையில வெச்சுக்கலாம்.”

விசாரணை வந்தது. ஜீப்பில் உட்கார்ந்திருந்ததற்காகப் பூங்கோதைக்கு ஒரு வருட ஊதிய உயர்வு போனது. இனிமேல் பொறியாளர்கள் சம்மட்டிக்குப் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அது அவள் எழுதிக் கொடுத்ததுதான். காத்தவராயனை ஒன்று என்று சொல்லிப் பழகும்படி ஓர் அதிகாரி எதிரில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார். நாலு நாள் ஆகியும் அவர் நாக்கு வளையவில்லை. ஐந்தாம் நாள் அந்த அதிகாரியே கோப்புகளை லாபம், ரெண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில், லாபம் என்றால் ஒன்று என்று செவிக்குச் சொல்லிக்கொடுப்பதே சுலபம் என்று முடிவாயிற்று.

சாகரத்தையும் திரும்ப அளந்தார்கள். கஞ்சியாகி வடிந்த மணல் இறுகப் படிந்திருந்ததால் புது எண் 1.52 வந்தது. இந்தத் தடவை நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. கட்டடத்தைச் சோதித்துப் பழுதுபார்த்து ஆட்களைக் குடியேற்றினார்கள். லிப்ட் கட்டணம் தரையில் இருப்பவர்களுக்கு உண்டா என்று முதல் மாடிக்காரர்கள் இப்போது வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

மார்கழியில் அடுத்த நடுக்கத்துக்கு அறிவிப்பு வந்தது. முந்தின நாள் மாலை வழக்கம்போல் செவி பூங்கோதையைக் கூப்பிட்டது.

“வீட்டில் எத்தனை பேர்?”

ஒண்ணு என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். உறுதி செய்யவும் என்று அது மறுபடியும் கேட்கும். பிறகு என்னவோ தோன்றி, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

“லாபம்.”

செவி ஒரு கணம் யோசித்தது.

“நன்றி. பதிவு செய்யப்பட்டது” என்றது. வேறொன்றும் கேட்கவில்லை.